என் மகள் வாய் திறந்த மத்தியானம்

அறுபதுகளின் நடுப்பகுதி என்று நினைக்கிறேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயதை ஒட்டி இருக்கும். சித்தையன்கோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். சின்ன வெங்காயம், கத்தரி, நிலக்கடலை என்று பருவத்துக்கு ஒன்றாகப் போடுவோம். அந்த வருஷம் கடலை பிடுங்கி முடித்த சமயத்தில், திண்டுக்கல்லில் ஊருக்குச் சற்று வெளியே இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் நடந்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எங்களுக்கு மூத்தது பெண். அவளுக்கு இரண்டு வயது நிறைவதற்குள் என் மனைவி மறுபடியும் முழுகாமல் இருந்தாள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பால் கொடுக்கக் கூடாது என்று வீட்டில் சொன்னார்கள். வேப்பெண்ணெய் தடவிப் பாலை மறக்கடித்தார்கள். அவளுக்கு அதில் கோபமோ என்னவோ, பாலோடு சேர்த்துச் சோற்றையும் வேண்டாம் என்றுவிட்டாள். அந்த நேரம் பார்த்து மணல்வாரி அம்மை வந்தது. அது இறங்கியதும் வயிற்றுப்போக்கு. ஒரு வழியாகப் போக்கும் நின்றது. ஆனால் கோழிக்குஞ்சுகளைத் துரத்திக்கொண்டு முற்றம் முழுக்க ஓடிய பிள்ளை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருந்தாள். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. சோற்றுத் தண்ணீரை இரண்டு வாய் குடிப்பாள். அதற்கு மேல் உதட்டை இறுக்கிக்கொள்வாள்.

மகன் பிறந்த சில நாட்களில், பிரசவம் ஆன வீட்டைப் பார்த்துப் போக மருத்துவச்சி அம்மா வந்தார். புதுக் குழந்தையைத் தூக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். திரும்பும்போது சுவரோரம் இருந்த மூத்தவள் கண்ணில் பட்டாள். அவர் முகம் மாறிவிட்டது.

“பச்சப்பிள்ள நல்லாருக்குய்யா. இவளத்தான் இன்னைக்கே திண்டுக்கல்லுக்குத் தூக்கிட்டுப் போகணும். நாளைக்குப் பாப்போம்னு வச்சுராதீங்க” என்றார்.

யார் தூக்கிக்கொண்டு போவது? மனைவி பெற்றுப் படுத்திருக்கிறாள். அவளையும் பச்சைக் குழந்தையையும் விட்டு மாமியார் நகர முடியாது. என் அம்மா நான் சிறுவனாக இருக்கும்போதே போய்விட்டாள். மிச்சம் நான்தான். அதுவரை மகளைத் தோளில் வைத்துச் சந்தைக்குக் கூட்டிப் போயிருக்கிறேன், கிணற்றடியில் குளிப்பாட்டியிருக்கிறேன். ஒரு வாய் ஊட்டியதில்லை. எங்கள் பக்கத்தில் அப்போது எந்த ஆம்பிளையும் ஊட்டி நான் பார்த்ததும் இல்லை.

கிளம்பும்போது மனைவி, “பயப்படாம போயிட்டு வாங்க. பிள்ளையோட வாங்க” என்றாள். இரண்டாவது சொன்னதை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

செம்பட்டி வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டேன். மடித்த துண்டைத் தோளில் போட்ட மாதிரிதான் இருந்தது. அவ்வளவு எடையில்லாமல் இருந்தாள். சின்னாளபட்டி தாண்டும்வரை அடிக்கடி அவள் மூக்கின் அருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கண்டிப்பானவர். குழந்தையை வாங்கிக்கொண்டு, “அம்மா எங்க?” என்றார்.

“பெத்துப் படுத்திருக்காம்மா.”

“அத்தை, சித்தி, யாராச்சும்?”

“நான்தாம்மா.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அது முழுக்கப் பெண்கள் இருக்கிற வார்டு. ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு குழந்தை, பக்கத்தில் தரையில் ஒரு தாய். எல்லோரும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு என்னையே பார்த்தார்கள். அந்த நிமிஷம் வேட்டியும் துண்டுமாக அங்கே நின்றது எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லி முடியாது. நர்ஸம்மா, “ஆம்பிளைங்க இங்க தங்க முடியாது” என்று சொல்லத் தொடங்கியபோது, அடுத்த கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வந்தார். திண்டுக்கல் டவுனைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். அவருடைய கணவர் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்ப்பவர் என்று பிறகு தெரிந்தது. அவருடைய பையனும் என் மகளைப் போலவே எலும்பும் தோலுமாக அந்தக் கட்டிலில் கிடந்தான்.

“பகல்ல அவரு பாத்துக்கட்டும் சிஸ்டர். ராத்திரிக்கு எம் பிள்ளையோட இதையும் நான் பாத்துக்கிறேன். ரெண்டு பிள்ளைய பாக்க முடியாதாக்கும்?” என்றார். பிறகு என்னிடம், “நீ வெளி வராந்தாவுல படுத்துக்க தம்பி. பயப்படாத” என்றார். அதிலிருந்து அவர் எனக்கு அக்கா ஆகிவிட்டார்.

டாக்டரம்மா வந்தார். நடுத்தர வயது, கனமான கண்ணாடி. வேறு ஊர்க்காரர். குழந்தைகளைக் கட்டிலில் குனிந்து பார்க்காமல், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் முழங்காலிட்டு, அவர்கள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துத்தான் பார்ப்பார். என் மகளை நெடுநேரம் பார்த்தார். தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார்.

“மருந்து கொஞ்சம்தான் குடுப்பேன். இவளுக்கு வேண்டியது சாப்பாடு. அது உள்ள போயிட்டா பிழைச்சுக்குவா” என்றார்.

கேட்க எளிதாக இருந்தது. மத்தியானம் அந்தச் சாப்பாடு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது.

அலுமினிய டம்ளரில் கெட்டியான ஒரு கஞ்சி. வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை, கேப்பை மூன்றையும் மாவாக்கி, வெல்லமும் பால் பவுடரும் சேர்த்துக் காய்ச்சியது. டாக்டரம்மா தானே யோசித்துச் செய்தது. மெலிந்த பிள்ளைகளுக்கு எந்த மாவு ஒத்துக்கொள்கிறது, எதை விரும்பிக் குடிக்கிறார்கள் என்று அவர் அந்த வருஷம் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளர்கள் வந்ததும் வார்டு ஒரு போர்க்களம் ஆனது. ஒருத்தி கஞ்சியைக் காட்டிப் பாட்டுப் பாடினாள். ஒருத்தி காக்காவைக் கூப்பிட்டாள். ஒருத்தி குழந்தையின் தாடையைப் பிடித்து ஊற்றினாள், அது அப்படியே வெளியே வந்தது. டாக்டரம்மா கட்டில் கட்டிலாக நின்று, எந்தக் குழந்தை எப்படி முகம் சுளிக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனார்.

நான் கரண்டியை மகள் வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக்கினாள். “ஆ காட்டு தாயி” என்றேன். காட்டினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு கரண்டி ஊற்றினேன். செத்த நேரம் வாயில் வைத்திருந்தாள். பிறகு நேராக என் முகத்தைப் பார்த்து முழுவதையும் துப்பினாள். கண், மூக்கு, மீசை எல்லாம் கஞ்சி. அத்தனை பெண்களும் சிரித்துவிட்டார்கள். அவர்களில் சிலர் சிரித்துப் பல நாள் ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. நானும் சிரித்தேன். ஆனால் டம்ளரில் இருந்தது அப்படியே இருந்தது.

சாயங்காலமும் அதே கதை. மறுநாள் காலையும் அதே கதை. டாக்டரம்மா வந்து டம்ளரைப் பார்த்தார், மகளின் கையைப் பிடித்துப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு, “இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஏதாவது உள்ள போகலைன்னா மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் குடுக்கணும். இவ இருக்கிற இருப்புக்கு அதை நான் விரும்பல. நீங்களும் முயற்சி பண்ணுங்க” என்றார்.

அவர் போன பிறகு அந்த ஆறிப்போன கஞ்சியை நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். ஒரேயடியாகத் தித்திப்பு. வாயின் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அக்காவிடம் நீட்டினேன். அவரும் ஒரு வாய் குடித்தார்.

“கல்யாண வீட்டுல கடைசிப் பந்திக்கு மிஞ்சின பாயாசமாட்டம் இருக்கு தம்பி. நோய்ப்பட்ட வாயி, இதை எப்படிக் கேக்கும்?” என்றார்.

நன்மைக்குத்தான் கொடுக்கிறார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லத் துணிவு வரவில்லை.

மத்தியானம் அக்காவின் கணவர் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். நான் முந்தின நாள் காலையிலிருந்து ஒரு டீயைத் தவிர எதையும் தொடவில்லை. அக்கா அதைக் கவனித்திருக்கிறார். தட்டில் சோற்றைப் போட்டு, மேலே பருப்பும் கத்தரிக்காயுமாக ஒரு குழம்பை ஊற்றி என்னிடம் நீட்டினார். தாளிச்சா என்று சொன்னார். எனக்கு ஒரு தயக்கம். அதுவரை நான் ஒரு முஸ்லிம் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டதில்லை. எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட்டதில்லை. ஆனால் வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்த வாசனை மூக்கில் ஏறியபோது வயிறு முன்னால் போய் நின்றது.

மகளை மடியில் வைத்துக்கொண்டு, தட்டைத் தரையில் வைத்துப் பிசைந்தேன். ஒரு வாய் வைத்தேன். இரண்டாவது வாய்க்குக் கையை எடுக்கும்போது, மடியில் ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தேன். மகள் தலையைத் தூக்கியிருந்தாள். மூக்கு லேசாக விரிந்தது. குச்சி மாதிரி இருந்த கையை நீட்டித் தட்டில் வைத்தாள். அந்தக் கையில் குழம்பு ஒட்டியது. அதை வாயில் வைத்துச் சப்பினாள்.

எதையும் வெளியில் இருந்து கொடுக்கக் கூடாது என்று நர்ஸம்மா சொல்லியிருக்கிறார். தடுக்கவும் மனசு வரவில்லை. மகள் கையை மறுபடி தட்டுக்குக் கொண்டுபோனாள். பிறகு என்னைப் பார்த்து, யாரும் சொல்லாமல், வாயைத் திறந்தாள்.

“அக்கா... அக்கா, பாருங்க” என்றேன்.

அக்கா பார்த்தார். “யா அல்லா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சோற்றை மையாக மசித்து, காரமில்லாத பருப்பாகப் பார்த்து எடுத்து, மிளகு அளவுக்கு உருட்டி என் விரலில் வைத்தார். நான் ஊட்டினேன். அவள் விழுங்கினாள். தொண்டைக்குழி ஏறி இறங்கியது எனக்குத் தெரிந்தது. வாழ்க்கையில் நான் ஊட்டி உள்ளே போன முதல் வாய் அது.

அந்த நேரம் பார்த்து நர்ஸம்மா வந்துவிட்டார். “என்ன இது? யாரு குடுத்தா இதை?” என்று சத்தம் போட்டார். அக்கா தட்டைப் பின்னால் மறைத்தார். மகளின் வாயைச் சுற்றி மஞ்சளாகக் குழம்பு அப்பியிருந்தது, அதை எங்கே மறைப்பது? சத்தம் கேட்டு டாக்டரம்மாவும் வந்தார். நான் எழுந்து நின்றேன்.

“தப்பாயிருச்சும்மா. அதுவா கைய வச்சுருச்சு. பேசாம விட்டுட்டேன்.”

டாக்டரம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. புடவையைச் செருகிக்கொண்டு மகளுக்கு முன்னால் முழங்காலிட்டார். அவள் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே, “இதுல என்னென்ன போட்டிருக்கீங்க?” என்று அக்காவிடம் கேட்டார். அக்கா பயந்துகொண்டே பருப்பு, கத்தரிக்காய், வெங்காயம், சீரகம், புளி, மிளகாய் என்று சொன்னார்.

டாக்டரம்மா ஒரு விரலால் தட்டிலிருந்து தொட்டு நாக்கில் வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“காரம் இவ வயித்துக்கு ஆகாது. இதை இப்படியே குடுக்க முடியாது. ஆனா இவ நமக்கு ஒரு விஷயம் சொல்லிட்டா. குழந்தைன்னா தித்திப்புதான் பிடிக்கும்னு நான் நினைச்சுட்டு இருந்தேன். இவளுக்கு உப்பும் வாசமும் வேணுமாம்” என்று சிரித்தார். பிறகு எழுந்து, “அதே மாவு. வெல்லமும் பால் பவுடரும் வேண்டாம். பருப்புத் தண்ணியில கரைச்சு, துளி உப்பு, மஞ்சள். மிளகாய் இல்லாம வெங்காயம், சீரகம், கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டுங்க. எண்ணெய்க்கு யோசிக்காதீங்க, அதுவும் இவளுக்கு வேணும். இப்பவே செய்யலாமா?” என்று அக்காவைக் கேட்டார்.

நர்ஸம்மா மகளைப் பார்த்துக்கொண்டார். அக்காவும் நானும் பின்பக்கம் இருந்த சமையலறைக்குப் போனோம். ஆஸ்பத்திரிச் சமையல்கார அண்ணன் விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“கஞ்சிக்குத் தாளிதமா? நாளைக்குக் காப்பிக்கு வெங்காயம் வதக்கச் சொல்வீங்க போல.”

“டாக்டரம்மா சொன்னாங்கண்ணே” என்றேன்.

“சொல்வாங்க. சமைக்கிறவன் நானாச்சே” என்று ஒதுங்கி நின்றுகொண்டார்.

வெங்காயம் உரிக்கும் வேலை எனக்கு. வயலில் வெங்காயத்தோடு பிறந்து வளர்ந்தவன் என்று பெயர். ஆனால் நாலு வெங்காயம் உரிப்பதற்குள் கண்ணில் தாரை தாரையாக நீர். அது வெங்காயத்தால் மட்டும் வந்ததா என்று எனக்கே தெரியாது. அக்கா பருப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். நான் அவசரத்தில் மாவை அப்படியே அதில் கொட்டிவிட்டேன். எல்லாம் கோலிக்குண்டாகத் திரண்டு மிதந்தது. அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டார். அதற்கு மேல் அந்தச் சமையல்கார அண்ணனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“தள்ளுய்யா அங்கிட்டு. பச்சத் தண்ணியில கரைச்சுல்ல ஊத்தணும்” என்று கரண்டியைப் பிடுங்கினார். அவரே கரைத்து, அவரே கிளறி, அவரே தாளித்தார். கடைசியில் எங்களைக் கேட்காமல் துளி பெருங்காயமும் போட்டார். சீரகம் வெடித்த சத்தமும், வெங்காயம் சிவந்த வாசனையும் வார்டு வரை போயிருக்கிறது. நாங்கள் திரும்பியபோது எல்லாத் தாய்மார்களும் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரம்மா மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் டம்ளரில் ஊற்றி, ஆற்றி, அவள் முன்னால் நீட்டினேன்.

மகள் டம்ளரைப் பார்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

மறுபடி நீட்டினேன். மறுபடி திருப்பினாள். கரண்டியில் எடுத்தேன். கையால் தட்டிவிட்டாள். அப்போது அக்கா, “ஏந்தம்பி, அவ கஞ்சியப் பாத்தா பயப்படுறா? அந்த டம்ளரைப் பாத்துல்ல பயப்படுறா. நேத்துலருந்து எல்லாரும் அதை வச்சுத்தான தொல்லை குடுத்திருக்காங்க” என்றார்.

தன் தூக்குச்சட்டியின் மூடியைக் கழுவி எடுத்துவந்தார். கஞ்சியை அதில் ஊற்றினார். “இப்ப நீ சாப்பிடு. அவளப் பாக்காத. உனக்குத்தான்னு நெனச்சுச் சாப்பிடு” என்றார்.

மகளை மடியில் வைத்துக்கொண்டு, மூடியைத் தரையில் வைத்து, விரலால் அந்தக் கஞ்சியை எடுத்துச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. கடலையின் மணமும் வெங்காயமும் சேர்ந்து, வீட்டுக் குழம்பு மாதிரி இருந்தது. அவளைப் பார்க்கக் கூடாது என்று சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். இரண்டு வாய், மூன்று வாய். மடியில் ஒன்றும் அசையவில்லை. நாலாவது வாய்க்குக் கையைத் தூக்கினேன்.

அப்புறம் என் மணிக்கட்டில் ஒரு பிடி. ஈர்க்குச்சி விரல்கள். வாய்க்குப் போய்க்கொண்டிருந்த என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். இழுத்த கையைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள்.

மூடியில் இருந்தது முழுவதும் தீர்ந்தது. கடைசியில் வழித்துக் கொடுத்தேன். அதையும் தின்றுவிட்டு, காலி மூடியைத் தட்டி, “இன்னு” என்றாள். மணல்வாரி வந்த நாளிலிருந்து அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வார்த்தை அது. டாக்டரம்மா கைதட்டிவிட்டார். பின்னாலேயே அத்தனை பெண்களும். சமையல்கார அண்ணன் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், “பெருங்காயந்தான் தூக்கிக் குடுத்துச்சு” என்றார். யாரும் மறுக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. எல்லாக் கட்டிலுக்கும் தாளித்த கஞ்சி போனது. பல பிள்ளைகள் குடித்தார்கள். ஆனால் இத்தனைக்கும் காரணமான அக்காவின் பையன் அதை வாயில் வைத்த வேகத்தில் துப்பினான். காலையில் என் மகள் மிச்சம் வைத்த தித்திப்புக் கஞ்சி ஜன்னலில் அப்படியே இருந்தது. அதைக் கைகாட்டி அழுதான். டாக்டரம்மா புதிதாகத் தித்திப்பில் ஒரு டம்ளர் காய்ச்சிக் கொண்டுவரச் சொன்னார். பெருங்காயமும் வேண்டாம், தாளிதமும் வேண்டாம், ஒரு வாய் விடாமல் அதைக் குடித்தான்.

“ஊருக்கெல்லாம் வழி சொன்னேன். பெத்த பிள்ளைக்கு எங் கையி வேண்டாமாம்” என்று அக்கா சிரித்துக்கொண்டே அழுதார். டாக்டரம்மா, “ரெண்டு பேரும் ஒரே மாவைத்தான் குடிக்கிறாங்க. எனக்கு அது போதும்” என்றார். மறுநாளிலிருந்து அந்தச் சமையலறையில் இரண்டு பானை கொதித்தது.

அடுத்து வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். ஊட்டுவதில் நான் கைதேர்ந்தவன் ஆகிவிட்டேன். மற்றத் தாய்மார்கள் அவசரத்துக்குத் தங்கள் பிள்ளைகளையும் என்னிடம் விட்டுப்போனார்கள். “அண்ணே, நீங்க முன்னால உக்காந்து சாப்பிடுங்க, எம் பிள்ளையும் பாத்துட்டுச் சாப்பிடும்” என்பார்கள். சாப்பிட்டுச் சாப்பிட்டு நானே கொஞ்சம் பூசினாற்போல் ஆகிவிட்டேன். ஒரு நாள் சாயங்காலம் நர்ஸம்மா மருந்து கொடுக்க வந்தபோது பெரிதாக ஒரு தும்மல் போட்டார். என் மகள் கலகலவென்று சிரித்தாள். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தக் கண்டிப்பான அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பொய்யாக இன்னொரு தும்மல் போட்டார். அவள் மறுபடி சிரித்தாள். அன்று அவர் எத்தனை தும்மல் போட்டார் என்று கணக்கில்லை.

தராசில் துணித்தூளி கட்டி எடை பார்ப்பார்கள். முதலில் அதில் போட்டால் சும்மா கிடப்பாள். பிறகு ஒரு நாள் கால்களை உதைத்துக் கத்தினாள். “கத்தட்டும், கத்தட்டும். கத்துறதுக்குத் தெம்பு வந்திருச்சு” என்றார் டாக்டரம்மா. அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

ஊர் வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் மகள் தோளில் ஏற மறுத்துவிட்டாள். என் விரலைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி நடந்தாள். வீட்டு வாசலில் மனைவி பச்சைக் குழந்தையோடு நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மகள் நேராகப் போய்த் தம்பியின் காலைப் பிடித்து இழுத்தாள். அவன் வீல் என்று கத்தினான். என் மனைவி இரண்டையும் சேர்த்து அணைத்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக, “என்ன குடுத்தீங்க, என்ன குடுத்தீங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

என்ன கொடுத்தேன் என்று மறுநாள் செய்து காட்டினேன். எங்கள் நிலத்தில் விளைந்த கடலையையே வறுத்தேன். ஆம்பிளை அடுப்படியில் உட்கார்ந்து கடலை வறுக்கிறான், கஞ்சி தாளிக்கிறான் என்று கேள்விப்பட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். “கடலை பிள்ளைக்குப் பித்தமாச்சே” என்று ஒருத்தி சொன்னாள். என் மகள் கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டு அவள் காலுக்கு நடுவே புகுந்து ஓடினாள். அந்தப் பெண் திரும்பி அவளைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் மாவு தா” என்றாள். ஒருத்தி அதே மாவை வெல்லத்தோடு பிடித்து உருண்டையாகக் கொடுத்தாள். ஒருத்தி மோரில் கரைத்துக் கொடுத்தாள். ஒரு வீட்டுப் பிள்ளை எதிலும் மசியாமல், கடைசியில் மாவை வெறும் மாவாக உள்ளங்கையில் வைத்து நக்கித் தின்றது. யார் எப்படித் தின்றால் என்ன?

திண்டுக்கல் சந்தைக்குப் போகும்போதெல்லாம் அக்கா வீட்டுக்கு ஒரு கூடை கத்தரியும் வெங்காயமும் கொண்டுபோய்ப் போடுவேன். சாப்பிடாமல் விடமாட்டார். பெருநாளுக்கு அங்கிருந்து எங்களுக்குப் பலகாரத்தோடு ஆள் வரும், பொங்கலுக்கு இங்கிருந்து அங்கே போகும். என் மகள் கல்யாணத்தில் அக்கா பந்தி விசாரித்தார். அவருடைய பையன் அன்றைக்கும் பாயாசத்தை மட்டும் மூன்று முறை வாங்கிக் குடித்தான்.

என் மகளுக்கே இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நிலம், வீடு, ஊரில் நாலு பேர் மதிப்பு என்று எனக்குக் குறைவில்லாமல் கிடைத்திருக்கிறது. ஆனால் வேண்டாம் வேண்டாம் என்று உலகத்துக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த ஒரு குழந்தை, என் கையைப் பிடித்து இழுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டதே, அந்த நம்பிக்கையைவிடப் பெரிய மரியாதை எதையும் இந்த வாழ்க்கை எனக்குக் கொடுக்கவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.